எக்ஸ் கழித்தல் ஒய்

ஐந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு தாயின் வயது மகள் வயதைப்போல் ஏழு மடங்கு. இன்னும் ஐந்து ஆண்டுகளில் மும்மடங்கு. தாய் எக்ஸ், மகள் ஒய் என்க. முதல் வரி, எக்ஸ் = 7 ஒய் − 30. இரண்டாம் வரி, எக்ஸ் = 3 ஒய் + 10. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் எக்ஸ் கழன்றுகொள்ளும்; 4 ஒய் = 40. மகளுக்கு 10, தாய்க்கு 40. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகள் இதை நீக்கல் முறையில் கண்ணை மூடிக்கொண்டு போடுவாள்.

அந்தத் தாயையும் மகளையும் ஆழ்வார்குறிச்சி ஸ்டேஷனில் கொண்டுவந்து நிறுத்துங்கள். ரயிலில் ஐந்து நிரம்பாத பிள்ளைக்கு டிக்கெட் கிடையாது. செங்கோட்டை பாசஞ்சர் வந்ததும் ஒய்க்கு நாலரை வயசு. கால் தரையில் இழுபட, அம்மா மடியில் அம்பாசமுத்திரம் வரை போகும்.

புத்தகத்து மனிதர்கள் இப்படியெல்லாம் செய்வதில்லை. கொடுத்த எண்ணால் மீதியில்லாமல் வகுபடுகிற வயதில்தான் அவர்கள் வாழ்கிறார்கள். நம் பத்தாம் வகுப்புப் பாடநூலில் வாணிக்கு 24, அப்பாவுக்கு 51, தாத்தாவுக்கு 84. கிரேக்கக் கணிதர் டயோபாண்டஸின் ஆயுளைப் பற்றிய பழைய புதிருக்கும் விடை 84தான். ஆறு, ஏழு, பன்னிரண்டு என்று எதைக் கொடுத்தாலும் வகுபடும், நல்ல சுபாவமுள்ள எண்.

எல்லா வயதுக் கணக்குக்கும் அஸ்திவாரம் ஒன்றுதான்: மடங்கு மாறும், வித்தியாசம் மாறாது. இதை எங்கம்மையிடமும் சித்தியிடமும் யாரும் சொல்லவில்லை. மணிமுத்தாறு அணை திறந்த வருசம் தான் பாவாடை கட்டி அலைந்ததாக அம்மை சொல்வாள். பாவாடை ஐந்து வயதிலும் உண்டு, பன்னிரண்டிலும் உண்டு. பள்ளிக்கூடத்திலோ, தலையைச் சுற்றிக் கையால் காதைத் தொட்ட அன்று வாத்தியார் இரண்டு பேருக்கும் ஒரு ஜூன் மாதத்தைப் போட்டுக்கொடுத்துவிட்டார். முதியோர் உதவித்தொகைக்கு 60 வேண்டும் என்றதும் சித்தி அக்காவை முந்திக்கொண்டு 60ஐத் தொட்டாள். கல்யாண வீடுகளில் மட்டும் பழையபடி தங்கச்சி.

போன பொங்கலுக்கு மகள் இதைத் தீர்க்க நோட்டோடு உட்கார்ந்தாள்.

“பரமகல்யாணி அம்மன் சத்தியமா, எனக்கும் அவளுக்கும் மூணு வயசுதாம் வித்தியாசம்” என்றாள் அம்மை.

“எட்டு!” என்றாள் சித்தி.

எக்ஸ் − ஒய் = 3. எக்ஸ் − ஒய் = 8. மகள் வரைபடத்தாளில் இரண்டு கோடும் போட்டுக் காட்டினாள். இணைகோடுகள். சிவசைலம் மலையைத் தாண்டி நீட்டினாலும் சந்திக்காது.

“தீர்வு இல்லை ஆச்சி.”

“ஏன் இல்லாம? எங்களுக்கு நடுவுல ஒரு தம்பி உண்டும்லா, பம்பாய்க்கு ஓடிப்போனானே, அவனையும் சேத்துப் போடு.”

“மூணு மாறிக் கணக்கு அடுத்த வருசந்தான் ஆச்சி நடத்துவாங்க.”