அன்னா, லைட்டு!

பகலில் எரியும் ஹெட்லைட்டைப் பார்த்து ஐந்து விரலையும் குவித்து விரித்துக் காட்டும் புண்ணியவான்களுக்கு ஹைதராபாத்தில் இன்று காலைவரை பஞ்சமில்லை. 2017 ஏப்ரல் 1-க்குப் பிறகு தயாரான இருசக்கர வண்டிகளில் எஞ்சின் ஓடினால் விளக்கும் எரியும். அணைக்க சுவிட்சே கிடையாது, சட்டம் அப்படி. எதிரே வருகிறவர் கண்ணில் ஸ்கூட்டர் பட வேண்டுமே! 2022-இல் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் 44.5 சதவீதம் பேர் இருசக்கர வண்டியில் போனவர்கள். அப்படி எரிகிற விளக்கை எரிகிறது என்று சொல்வது, மீனைக் கூப்பிட்டு ‘உடம்பெல்லாம் நனைந்திருக்கிறதே’ என்பது மாதிரி. சொல்பவருக்கு விவரம் தெரியாது என்றும் விட முடியவில்லை. அவர் வண்டி நம்பர் ‘டிஜி’யில் தொடங்குகிறது, அதாவது 2024 மார்ச்சுக்குப் பிறகு பதிவானது, அதன் விளக்கும் ஜகஜ்ஜோதியாக எரிகிறது. ஆக, இது தகவலே அல்ல, வெறும் சலாம்.

சலாம்தானே, வைத்துவிட்டுப் போகட்டும் என்பீர்கள். எந்தக் கையால் வைக்கிறார் என்று பாருங்கள். வலது கை ஆக்ஸிலேட்டரில் இருப்பதால் இடது கையால். ஸ்கூட்டரில் இடது லீவர் பிரேக். காம்பி பிரேக் வந்தபின் அந்த ஒரு லீவரே இரண்டு சக்கரத்தையும் பிடிக்கும். பஞ்சாகுட்டா நெரிசலில் அதை விட்டுவிட்டுத்தான் நம் பாதுகாப்புக்குக் கவலைப்படுகிறார். பதில் மரியாதை செய்யாமலும் தப்ப முடியாது. தலையாட்டினால் போதாது, அமீர்பேட்டைவரை “அன்னா, லைட்டு! லைட்டு!” என்று கூடவே வருவார். இல்லாத சுவிட்சைக் கட்டைவிரலால் தேடுவதுபோல் நடிக்க வேண்டும். தேடுகிற விரல் டிப்பரில் பட்டு ஹைபீம் அடித்தால் அதை நன்றி என்று எடுத்துக்கொண்டு, திருப்தியாக இடது பக்கம் புகுந்து முந்திப் போய்விடுவார்.

பேட்டரி இறங்கிவிடும் என்ற பழைய காலத்து அக்கறை அது, பாவம், என்று சிலர் வக்காலத்து வாங்குவார்கள். பழைய ஸ்கூட்டர்கள் பலவற்றில் ஹெட்லைட்டுக்கு மின்சாரம் மேக்னெட்டோவிலிருந்து நேராக வந்தது. சிக்னலில் நின்றால் விளக்கு மங்கியதே அதனால்தான். அப்போதும் இந்த அக்கறைக்கு வேலை இருந்ததில்லை. “ஸ்டாண்டு, பாய்!” என்பவர்களைச் சேர்க்காதீர்கள், அது உண்மையான உதவி. துப்பட்டா சக்கரத்தில் சிக்கப்போகிறது என்று கத்துபவர் காலில் விழலாம். என் வழக்கு விளக்குக்காரர்கள் மேல் மட்டும். இவ்வளவு விளக்குப் பற்று உள்ள ஊரில், ராத்திரி பத்து மணிக்கு விளக்கே இல்லாமல் ராங் ரூட்டில் வருகிறவனைப் பார்த்து ஒருவரும் விரலை விரிப்பதில்லை. மரியாதையாக ஒதுங்கி வழி விடுகிறார்கள்.