செய்திகள் வாசிப்பது நம்ம பம்பாய்ப் பொண்ணு

திருநெல்வேலிப் பக்கம் சொந்தக்காரர் வீடு உள்ள தாராவிக்காரன் எவனும் கோடை விடுமுறையில் ஒரு வாய்மொழித் தேர்விலிருந்து தப்பியதில்லை. பையைக் கீழே வைப்பதற்குள் அத்தை ஆரம்பித்துவிடுவாள். "ஏல, வாழைப்பழம்னு சொல்லு பாப்போம்." நாம் 'வாளப்பளம்' என்போம். வீடே சிரிக்கும். இதில் வேடிக்கை என்னவென்றால், அத்தை சொல்வதும் 'வாளப்பளம்'தான். ஊரில் இருந்துகொண்டு சொன்னால் அது வட்டார வழக்கு. பம்பாயிலிருந்து வந்து சொன்னால் கலப்படம்.

அதே அத்தை, காலை ஏழே காலுக்கு எங்கள் எல்லோர் வாயையும் மூடச் சொல்லிவிட்டு ரேடியோ முன்னால் உட்காருவாள். "ஆகாசவாணி. செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயணசுவாமி." அந்தக் கம்பீரக் குரல் வந்ததும் எங்களைத் திரும்பிப் பார்த்து, "தமிழ்னா இதுதாம்ல தமிழ்" என்பாள். என்னமோ அந்த அம்மாள் பாளையங்கோட்டையில் இவளோடு ஒரே வகுப்பில் படித்தவர் மாதிரி ஒரு பெருமிதம்.

சரோஜ் நாராயணசுவாமி மும்பையில் பிறந்து வளர்ந்தவர். பூர்வீகம் தஞ்சாவூர்ப் பக்கம். அவ்வளவுதான் தமிழ்நாட்டுச் சம்பந்தம். படித்தது ஆங்கில இலக்கியம். வேலை பார்க்கப் போனது டில்லி யூகோ வங்கி. அங்கிருந்து அகில இந்திய வானொலிக்கு வந்து, அதன் தமிழ்ச் செய்திப் பிரிவின் முதல் பெண் வாசிப்பாளராகி, சுமார் 35 ஆண்டுகள் ஒரு தலைமுறைக்கே 'ழ' கற்றுக்கொடுத்தார். தமிழ்நாட்டு அரசு கலைமாமணி கொடுத்துக் கௌரவித்தது. ஓய்வுபெற்ற பிறகு திரும்பி வந்ததும் மும்பைக்குத்தான். அதாவது, தமிழ்நாட்டுக்காரர்கள் எங்கள் தமிழைக் கிண்டல் செய்துவிட்டு, 'நல்ல தமிழ்' கேட்க ரேடியோவைத் திருகினால், அதற்குள்ளிருந்து பேசியதும் ஒரு பம்பாய்க்காரிதான். இந்த ஒரு தகவல் என் பத்து வயதில் கையில் இருந்திருந்தால் எத்தனையோ கோடை விடுமுறைகள் நிம்மதியாகக் கழிந்திருக்கும்.

தாராவியில் அதே செய்தியைக் கேட்பது வேறு அனுபவம். அப்போதெல்லாம் ரேடியோ வைத்துக்கொள்ள லைசென்ஸ் வேண்டும். தபால் நிலையத்தில் ஆண்டுதோறும் பணம் கட்டிப் புத்தகத்தில் பதிந்து வரவேண்டும். எங்கள் கோலிக்கு, அதாவது ஒற்றை அறை வீட்டுக்கு, பட்டா கிடையாது, குடும்ப அட்டையில் பாதிப் பேர் கிடையாது. ரேடியோவுக்கு மட்டும் சட்டப்படி எல்லாக் காகிதமும் இருந்தது. வீட்டில் முறைப்படி குடியிருந்த ஒரே ஜீவன் அதுதான்.

டில்லிச் செய்தி சிற்றலையில் வரும். சிற்றலைக்கு ஒரு குணம் உண்டு: செய்தியின் எழுவாயும் பயனிலையும் தெளிவாகக் கேட்கும், நடுவில் இருப்பதைக் கடல் அலை கொண்டு போய்விடும். "பிரதமர் இந்திரா காந்தி இன்று… உஸ்ஸ்ஸ்ஸ்… என்று தெரிவித்தார்." என்ன தெரிவித்தார் என்பதைக் குழாயடியில் குடத்தோடு நிற்கும் கூட்டம்தான் தீர்மானிக்கும். தோல் கிடங்கு அண்ணாச்சி, விலைவாசி குறையும் என்பார். எதிர் கோலிக்காரர் மறுபடி எமர்ஜென்சி என்பார். நல்லதண்ணி நேரத்தைக் கூட்டப்போவதாகச் சொன்னார் என்று ஒரு அக்கா அடித்துச் சொல்வாள். அதற்குத்தான் ஆதரவு அதிகம். சரோஜ் அம்மாள் ஒரு செய்தி வாசித்தால் எங்கள் சாலியில், அதாவது அந்தக் கோலி வரிசையில், நான்கு செய்தியாக அது வெளியேறும். தமிழ் பிசகாமல் வாசித்தது அவர். பிசகியது எல்லாம் நாங்கள்.

இனி இன்னொரு பம்பாய்க்காரர் கதை. அமீன் சயானி.

1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கருக்கு சினிமாப் பாட்டு என்றால் ஆகாது. நாடு சாஸ்திரிய சங்கீதம் கேட்டுத் திருந்த வேண்டும் என்று நினைத்தவர். அகில இந்திய வானொலியிலிருந்து சினிமாப் பாட்டு வெளியேறியது. நாடு திருந்தவில்லை, கொழும்புப் பக்கம் ரேடியோவைத் திருப்பிக்கொண்டது. இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் படைகளுக்காக நிறுவிய பலமான ஒலிபரப்புக் கருவி ரேடியோ சிலோனிடம் சும்மா இருந்தது. 1952 டிசம்பர் 3ஆம் தேதி அதில் சயானியின் இந்தி சினிமாப் பாட்டு நிகழ்ச்சி பினாகா கீத்மாலா ஆரம்பமானது. போகும் வழியைப் பாருங்கள். பாட்டுப் பதிவானது பம்பாயில். பாடியவர், இசையமைத்தவர், நடித்தவர் எல்லோரும் பம்பாய். தொகுத்துப் பேசியவரும் பம்பாய். அந்த ஒலிநாடா விமானம் ஏறிக் கொழும்பு போய், அங்கிருந்து சிற்றலையில் கிளம்பி, கடல் தாண்டி பம்பாய் வந்து சேரும். மாட்டுங்காவில் இருப்பவர் தாதரில் நடந்ததை இலங்கை வழியாகத் தெரிந்துகொண்டார். ஓர் அமைச்சரின் சங்கீத ரசனைக்கு ஒரு தேசம் கட்டிய சுங்கம் இது.

முதல் ஒலிபரப்புக்கே 9,000 கடிதங்கள் வந்தனவாம். பிற்பாடு வாரத்துக்கு 65,000 வரை போனதாம். சயானிக்குத் தொடக்கச் சம்பளம் வாரம் 25 ரூபாய். அந்த மூட்டைகளைப் பிரிக்கும் கூலிக்கே அது போதாது. 1957 அக்டோபர் 3ஆம் தேதி அரசாங்கம் விவித் பாரதியைத் தொடங்கி, போன நேயர்களைக் கூப்பிட்டுக்கொண்டது தனிக்கதை.

அந்தக் காலத்து மாட்டுங்கா மாமாக்களுக்கு, கீத்மாலா வரும் புதன்கிழமை இரவு எட்டு மணிக்குத் திடீரென்று நடைப்பயிற்சி ஞாபகம் வரும். வீட்டில் கர்நாடக சங்கீதம் தவிர வேறு நுழையக் கூடாது என்று சட்டம் போட்டவர்கள் இவர்களேதான். கிங்ஸ் சர்க்கிளில் எந்தப் பீடாக் கடையில் ரேடியோ சத்தமாக இருக்கிறது என்பது இவர்கள் கால்களுக்குத் தெரியும். தாராவியில் அந்த வேஷம் இல்லை. சாலி முழுக்க ஒரே ஒலி. சயானி 'பாயியோ'வுக்கு முன்னால் 'பெஹனோ' என்று சகோதரிகளை முதலில் அழைப்பார் என்பதால் எங்கள் பெண்களுக்கு அவர் மேல் தனி மதிப்பு. எங்கள் ஆண்கள் யாரும் அதைப் பின்பற்றவில்லை. பாட்டுகளின் தரவரிசைப் படியை அவர் 'பாய்தான்' என்பார். பக்கத்து கோலிப் பையன் ஒருவன் அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு, பரீட்சை முடிவு வரும் நாளில் எங்கள் வாசலில் நின்று, நான் போன தடவையைவிட ஆறு பாய்தான் கீழே இறங்கிவிட்டதை ஊருக்கே ஒலிபரப்பினான். விளம்பரதாரர் மட்டும்தான் இல்லை.

அறிவிப்பாளர் வேலைக்காக, சந்திக்க நேரம் வாங்காமல் வந்து நின்ற ஓர் இளைஞனைச் சயானி பார்க்காமலே திருப்பி அனுப்பினார் என்பதும், அந்த இளைஞன் பெயர் அமிதாப் பச்சன் என்பதும் பம்பாயில் குழந்தைக்கும் தெரிந்த கதை. வேலை கிடைத்திருந்தால் நமக்கு ஒரு நல்ல அறிவிப்பாளர் கிடைத்திருப்பார்; ஷோலே யாருக்கு வேண்டும்?

இலங்கைத் தமிழ் ஒலிபரப்பை நான் தெளிவாகக் கேட்டதெல்லாம் ஊரில்தான். எங்கள் கடற்கரைப் பக்கத்துக்குச் சென்னையைவிடக் கொழும்பு கிட்ட. அறிவிப்பாளர்களில் மயில்வாகனன் காலம் அப்பாவுடையது, என்னுடையது கே.எஸ். ராஜா. மூச்சு எங்கே விடுகிறார் என்று கண்டுபிடிப்பதே எங்களுக்கு ஒரு விளையாட்டு. ஒரு படத்து வசனத்தில் கேள்வியை எடுத்து, இன்னொரு படத்து வசனத்தில் பதிலை எடுத்து ஒட்டுவார். சிவாஜி கேட்பார், யாரோ ஒருவர் பதில் சொல்வார், சண்டை வரும், பாட்டு வரும். படத்தைத் தியேட்டரில் பார்த்தால் அந்தச் சுவை இருக்காது. 1994இல் கொழும்பில் அவரைக் கொன்றுவிட்டார்கள். சிரிப்புக் கட்டுரை என்பதற்காக அதைத் தாண்டிப் போக முடியவில்லை.

அதே இலங்கை வானொலியின் பி.எச். அப்துல் ஹமீத் இன்னும் நம் காதுக்குள் இருக்கிறார். அவருடைய பாட்டுக்குப் பாட்டு தொலைக்காட்சிக்கு வந்தபின் செம்பூர்க் கல்யாண வீடுகளில் அதைப் போலவே நடத்துவார்கள். அவர் சொல்லும் எழுத்துக்குப் பாட வேண்டும் என்பது விதி. செம்பூர்ப் பிள்ளைகள் தமிழை மராத்தி எழுத்தில் எழுதிப் படிப்பவர்கள். குறிலுக்கும் நெடிலுக்கும் நடுவே அவர்கள் எல்லைத் தகராறு செய்வார்கள். நடுவராக உட்காரும் பெரியவர் கடைசியில், "எந்த எழுத்தானாலும் பாடுடாப்பா, சாப்பாடு ஆறுது" என்று தீர்ப்பு எழுதுவார்.

தென்கச்சி கோ. சுவாமிநாதனை எங்களுக்கு அறிமுகம் செய்தது கேசட். வானொலியில் அவர் சொன்ன 'இன்று ஒரு தகவல்' ஊரிலிருந்து பதிவாகி, முறுக்கோடும் அல்வாவோடும் ரயிலேறி வரும். எல்லோரையும் சிரிக்க வைத்துவிட்டு, தான் மட்டும் பயிர்க்கடன் தள்ளுபடி அறிவிப்பு வாசிப்பது போன்ற குரலில் அடுத்த தகவலுக்குப் போய்விடுவார். வானொலியில் முதலில் விவசாயிகளுக்காகப் பேசியவர். அந்த நிதானம் மண்ணிலிருந்து வந்தது என்பது என் துணிபு.

இப்போது யார் என்று கேட்டால், என் வீட்டில் பிள்ளைகள் ரெட் எஃப்.எம். மலிஷ்கா என்பார்கள். நான் மறுப்பதில்லை. 2017 மழைக்காலத்தில் மும்பை ரோட்டுப் பள்ளங்களைக் கிண்டல் செய்து, அப்போது எல்லோர் வாயிலும் இருந்த சோனு பாட்டின் மெட்டில் ஒரு காணொலி போட்டார். பள்ளம் மூடப்பட்டதோ இல்லையோ, மாநகராட்சி ஆட்கள் அவர் வீட்டுக்கு வந்து டெங்கு கொசுப் புழு இருக்கிறது என்று நோட்டீஸ் கொடுத்தார்கள். வானொலி அறிவிப்பாளரின் செல்வாக்கை இதைவிடத் துல்லியமாக அளக்கும் கருவி கிடையாது. சரோஜ் அம்மாள் வாசித்தால் ஊர் கடிகாரத்தைச் சரிசெய்தது. மலிஷ்கா பாடினால் கொசு ஒழிப்புத் துறை விழித்துக்கொள்கிறது. ஆனால் ஒன்று: இந்தக் காலத்து அறிவிப்பாளர்கள் எல்லோரும் ஒரே ஆனந்தத்தில் இருக்கிறார்கள். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு, சயான் நெரிசலில் நசுங்கி நிற்கிறவனிடம் ஒருவர் அவ்வளவு சந்தோஷமாகப் பேசுவது எனக்குக் கொஞ்சம் சந்தேகமாகத்தான் இருக்கிறது.

இப்போது ஆகாசவாணியின் செயலியில் திருநெல்வேலி நிலையம் தாராவியிலேயே கணீரென்று கேட்கிறது. உஸ்ஸ்ஸ் இல்லை. பிரதமர் என்ன சொன்னார் என்று முழுசாகத் தெரிந்துவிடுவதால் குழாயடியில் பேச்சே குறைந்துபோனது.

சரோஜ் நாராயணசுவாமி 2022 ஆகஸ்ட் 13ஆம் தேதி மும்பையில் காலமானார், வயது 87. சயானி 2024 பிப்ரவரி 20ஆம் தேதி, இதே ஊரில், 91 வயதில். இருவரையும் எங்கள் நகரம் பெற்றது. ஒருவரை டில்லிக்கும் ஒருவரைக் கொழும்புக்கும் இரவல் கொடுத்தது.

மாட்டுங்கா, செம்பூர்ப் பக்கம் பழைய கட்டடங்களை இடித்து மாடி கட்டுகிறார்கள். வீடு காலி செய்கிறவர்கள் கேசட் பெட்டியைப் பழைய சாமான்காரரிடம் எடை போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். தயவுசெய்து ஒரு தடவை போட்டுக் கேட்டுவிட்டுக் கொடுங்கள். ரேடியோவில் வந்ததைப் பிடித்து வைத்த வீடுகள் இங்கே நிறைய. 'சுப்ரபாதம்' என்று எழுதியிருந்தாலும் நம்பாதீர்கள். மாமாக்கள் கீத்மாலாவை அதற்குள்தான் ஒளித்து வைத்தார்கள்.