சாமியே இறங்குற நேரத்தில

இரும் மருமோன். கதிரையை இழுத்துப்போட்டு இரும். முதல்ல முகத்தைத் துடைச்சுக்கொள்ளும்.

நத்தாருக்கு நிக்காமல் இமயமலைக்குப் போறீராம். சனமில்லாத ஊர் ஒண்டில பனியைப் பாத்துக்கொண்டு சும்மா இருக்கப்போறீராம். மாமி சொன்னா. நல்லது. பேசாலையில பிறந்து, கொழும்பு ஏசிக்கே தும்முற உமக்குத் தோதான இடம்தான்.

ஊர்ப்பேர் என்ன, சித்குலோ? இமாசலத்தில, பாஸ்பா ஆத்தங்கரையில, 3,450 மீற்றர் உயரத்தில. எங்கட மன்னார்த் தீவில ஆக உயரமானது கரையில நிக்கிற காத்தாடி, அதுக்கடுத்தது பனை. அந்தப் பனையிலயும் நீர் ஏறினதில்லை. அங்க தண்ணி 88 பாகை அளவிலயே கொதிச்சிரும், ஆனா அரிசி லேசில வேகாது. சத்தம் இருக்கும், சூடு காணாது. எங்கட சங்கக் கூட்டம் மாதிரி எண்டு வையுமன்.

பனி கொட்டத் துவங்கினா அந்த ஊராக்களில கனபேர் கீழ இறங்கிருவினம். இடையன் ஆட்டைச் சாய்ச்சுக்கொண்டு அதுக்கு முதலே இறங்கிருவான். நீர் தேடிப்போற அமைதி அதுதான், வீட்டுக்காரன் கதவைப் பூட்டிப்போட்டுப் போன அமைதி.

சனத்தை விடும். சாமியைப் பாரும். கேதார்நாத்தில தீபாவளி முடிய நடையைச் சாத்தி, உற்சவரைப் பல்லக்கில உக்கிமடத்துக்கு இறக்கிருவினம். திரும்ப ஏத்துறது சித்திரை வைகாசியில. பனிமலைக்கே சொந்தக்காரர், ஆறு மாசம் கீழ் வீட்டில. நான் வேதக்காரன், இருந்தும் உமக்குத் தேவாரக் கதை நான்தான் சொல்லவேண்டிக்கிடக்கு. சம்பந்தர் கேதாரத்தைப் பாடினது காளத்தியில நிண்டு. எங்கட மாந்தைத் திருக்கேதீச்சரத்தைப் பாடினது இராமேச்சரத்தில நிண்டு. ரெண்டு பதிகத்துக்கும் அவர் அங்க போகேல்லை. கேதாரத்தை விடும், மலை. இஞ்ச வர ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா தோணி விட்டிருப்பம்.

எங்கட அப்பு காலத்தில தலைமன்னார் இறங்குதுறையில கப்பலேறி, தனுஷ்கோடியில ரயில் பிடிச்சா, மலையடிவாரம் வரை தண்டவாளம்தான். 1914 இல துவங்கின அந்தத் தனுஷ்கோடிக் கப்பல், 1964 மார்கழிப் புயலோட சரி. அப்பு மதுரை மட்டும் போனார். வேட்டி ரெண்டு வாங்கினார், திரும்பி வந்திட்டார்.

குருவிக்குள்ள புத்தியாவது வேணாமோ? ஆறுமணிக்குருவி தெரியுமெல்லே, பின்னேரம் கத்துறது. இமயமலை அடிவாரத்துக் காட்டிலயெல்லாம் குஞ்சு பொரிச்சு, ஐப்பசியில இஞ்சால வந்திரும். சிலது களைச்சு முத்தத்தில விழுந்து கிடக்கும், போன வருசம் மாமி ஒண்டைக் கடகத்தால மூடி வைச்சு விடிய விட்டவ. காஷ்மீர்ப் பக்கத்து ஈபிடிப்பான் ஒண்டு நுவரெலியா விக்டோரியாப் பூங்காவில வந்து குந்தும், கமெராக்காரர் அதுக்குப் பின்னால திரிவினம். 2010 இல ராம்சார் பட்டியலில சேர்த்த எங்கட வங்காலைச் சதுப்பில இன்னும் வடக்கே இருந்து வந்த ஊசிவால் வாத்து மொய்ச்சுக்கிடக்கு. விசாவுமில்லை, வழிகாட்டியுமில்லை. எல்லாம் தெற்கால வருகுது. அதுகளுக்கு எதிர்த்திசையில, முதுகில பையோட, எங்கட மருமோன்.

சரி, போகத்தான் போறீர். கேளும். சிம்லாவில இருந்து ஒரே மூச்சில ஏறாதேயும், சாங்லாவில ரெண்டு இரவு தங்கும். பனி கூடினா அங்கால றோட்டு மூடிரும், திரும்ப நாலு நாள் கூட வைச்சுக்கொண்டு போம். தலையிடிச்சு ஓங்காளிச்சா வீரம் காட்டாமல் இறங்கும். சாமியே இறங்குறார், உமக்கென்ன வெக்கம்? அறைக்குள்ள அடுப்பு மூட்டினா புகைபோக்கி இருக்கோ எண்டு பாரும், எல்லாத்தையும் இறுக்கி அடைச்சுப்போட்டு நித்திரை கொள்ளாதேயும். இரவில குழாய் சொட்டுச்சொட்டா ஒழுகும். கொழும்புத் தண்ணி பில்லை நினைச்சுக்கொண்டு எழும்பிப் பூட்டிராதேயும். தண்ணி உறைஞ்சு குழாய் வெடிக்காமல் இருக்க அவங்களே திறந்து விடுறது. பூட்டினீரோ, விடிய உம்மையும் பல்லக்கில இறக்குவாங்கள்.

ஒடியல் மா கொஞ்சம் மாமி கட்டி வைச்சிருக்கிறா. கூழ் காய்ச்சத் தெரியாட்டி அவவிட்டக் கேட்டுக்கொண்டு போம், என்னைக் கேக்காதேயும்.

இப்ப அந்தக் கம்பளிச் சட்டையைக் கழட்டும். காலையில இருந்து போட்டுப் பாத்துக்கொண்டு திரியுறீர், வேர்வை கதிரையால வழியுது.