ஏகபத்தினி விரதம், ரொக்கத்தோடு

வீடியோ கேம் உலகில், ஒரே கடைக்கோ ஒரே கருவிக்கோ மட்டும் கேமைக் கொடுத்து ஏகபத்தினி விரதம் இருப்பவருக்கு ரொக்கம் உண்டு. 2019இல் ‘கன்ட்ரோல்’ என்ற கேம் வந்தது. கணினியில் எபிக் கடையில் மட்டும் விற்பதற்காக அந்தக் கடை கொடுத்தது சுமார் 95 லட்சம் யூரோ. கேமைச் செய்த ரெமெடிக்கும் அதில் பங்கு. விற்றால் என்ன, விற்காவிட்டால் என்ன! போட்டிக் கடையான ஸ்டீமின் வாசலில் நின்றவர்கள்தான் ஓராண்டு கொட்டாவி விட்டார்கள்.

கருவி விரதமும் உண்டு. ‘ஃபைனல் ஃபேன்டஸி 16’ 2023 ஜூனில் பிளேஸ்டேஷன் 5இல் மட்டும் வந்தது. மறு ஆண்டு மே மாதமே, இனி எல்லாக் கருவிகளுக்கும் போகப்போகிறோம் என்றது அதைச் செய்த ஸ்கொயர் எனிக்ஸ். செப்டம்பரில் கேம் கணினிக்கு வந்தது. விரதம் பசியைக் கிளப்பியிருக்க வேண்டும்.

பிறரை விரதம் இருக்கச் சொன்ன பிளேஸ்டேஷன்காரர் சோனியோ, 2024 பிப்ரவரியில் ‘ஹெல்டைவர்ஸ் 2’-ஐ பிளேஸ்டேஷனிலும் கணினியிலும் ஒரே நாளில் இறக்கியது. மாமியார் உடைத்தால் மண்சட்டி! பன்னிரண்டே வாரத்தில் 1 கோடியே 20 லட்சம் பிரதிகள் போயின. அடுத்த ஆண்டு அந்தச் சட்டி போட்டிக் கருவியான எக்ஸ்பாக்ஸ் வீட்டு அடுப்பிலேயே ஏறிவிட்டது.