இருவாச்சி கெடுத்த குடித்தனம்

வால்பாறைக்குக் கிளம்புகிறோம் என்றதும் ஆளாளுக்குப் பயமுறுத்தினார்கள். சிறுத்தை வரும் என்றார் மாடி வீட்டுக்காரர். யானை வழிமறிக்கும் என்றான் மைத்துனன். அட்டை கடிக்கும், மூக்குப்பொடி வாங்கி வைத்துக்கொள் என்றார் அலுவலக நண்பர். அந்த மலையில் இருவாச்சி என்றொரு பறவை இருக்கிறது, மனைவியோடு அதன் பக்கம் போய்விடாதே என்று ஒருவராவது சொல்லியிருக்கலாம்.

ஆழியாற்றிலிருந்து மேலே ஏற 40 கொண்டை ஊசி வளைவுகள். 9வது வளைவில், லோம்ஸ் வியூ பாயின்டில், டிரைவர் காரை நிறுத்தினார். கீழே அணை பளபளக்கிறது, பாருங்கள் என்றாள் மனைவி. எலுமிச்சம்பழத்தை மூக்கோடு அழுத்திப் பிடித்திருந்த எனக்கு அணையும் தெரியவில்லை, ஆகாயமும் தெரியவில்லை. பாறைமேல் வரையாடுகள் மட்டும் தெரிந்தன. இனச்சேர்க்கைக் காலம் தவிர மற்ற நாட்களில் கிடாக்கள் பெரும்பாலும் பெட்டைகளை விட்டு விலகித்தான் திரியும் என்றார் டிரைவர். "கொடுத்து வெச்ச ஜென்மம்" என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன். சத்தமாக நினைத்துவிட்டேன் போலிருக்கிறது. அடுத்த 31 வளைவுகளுக்கும் காரில் பேச்சில்லை.

வால்பாறை என்றால் தேயிலைதான் என்று நினைத்திருந்தேன். 1890களில் வெள்ளைக்காரத் துரைமார் காட்டை வெட்டித் தேயிலை போடத் தொடங்கியபோது தப்பிய மழைக்காட்டுத் துண்டுகள் அங்கங்கே பச்சைத் தீவுகளாக நிற்கின்றன. அப்படி ஒன்று புதுத்தோட்டம். அங்கே சிங்கவால் குரங்குகள் ரோட்டைக் கடக்க, பழைய தீயணைப்புக் குழாயில் மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள்.

"ஒரு கூட்டத்துக்குப் பெரும்பாலும் ஒரு பெரிய ஆண்தான் சார். பெண்கள் நிறைய இருக்கும்" என்றான் வழிகாட்டித் தம்பி. என் முதுகு தானாக நிமிர்ந்தது.

"ஒருத்திக்கே காபி போடத் தெரியாதவங்களுக்கு ஒண்ணு போதும்" என்றாள் மனைவி. முதுகு பழைய இடத்துக்கு வந்தது.

அப்போதுதான் தலைக்குமேல் நிலக்கரி எஞ்சின் போல ஒரு மூச்சிரைப்பு. இருவாச்சி! கறுப்பு வெள்ளை இறக்கை, மஞ்சள் அலகு, அலகுக்குமேல் தொப்பி. அழகுதான், மறுக்கவில்லை. தம்பி அதோடு விட்டிருக்கலாம். அதன் குடும்ப வரலாற்றையும் ஆரம்பித்துவிட்டான்.

முட்டையிடும் காலத்தில் பெட்டை ஓங்கிய மரத்துப் பொந்துக்குள் போய், எச்சமும் பழச்சக்கையும் வைத்து வாசலைப் பூசி அடைத்துக்கொள்ளுமாம். ஓர் அலகு நுழையும் இடுக்கு மட்டும் மிச்சம். உள்ளே இறகை உதிர்த்துவிட்டு மூன்று நான்கு மாதம் உட்கார்ந்திருக்கும். சேவல் காடெல்லாம் அலைந்து அத்திப்பழம் பொறுக்கி, தொண்டைக்குள் சேமித்துவந்து, ஒவ்வொன்றாகக் கக்கி இடுக்கு வழியே ஊட்டும்.

"ஒவ்வொண்ணாவா?" என்றாள் மனைவி.

"ஒவ்வொண்ணாத்தான் அக்கா. சேவல் வராமப் போயிட்டா உள்ள இருக்கறதெல்லாம் பட்டினி."

அவள் என்னைப் பார்த்தாள். கறிவேப்பிலை வாங்கப் போய்க் கிரிக்கெட் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பிய சாயங்காலங்கள் எல்லாம் அந்தப் பார்வையில் வரிசையாக நின்றன.

பேச்சை மாற்ற நினைத்து, அவன் ஊர்ப் பழக்கவழக்கம் ஏதாவது சொல்லச் சொன்னேன். அவன் காடர் குடி. அந்தக் காலத்தில் அவர்களிடையே மாப்பிள்ளை தன் கையாலேயே மூங்கிலில் சீப்புச் செதுக்கிப் பெண்ணுக்குக் கொடுப்பானாம். நான் கல்யாணமான புதிதில் கொடுத்த சீப்பு, தேங்காயெண்ணெய் பாட்டிலோடு இலவசமாக வந்தது. அதை அவளும் மறக்கவில்லை என்பதை நடையின் வேகத்தில் காட்டினாள்.

பெருமூச்சு விட்டேன். அதுவும் ஆபத்து. மூச்சுக்காற்றையும் உடம்புச் சூட்டையும் மோப்பம் பிடித்துத்தான் அட்டைகள் வருமாம். குடும்பஸ்தனைக் குறிவைத்தே படைக்கப்பட்ட பிராணி! மூக்குப்பொடியை அட்டைமேல் தூவினேன். நான் தும்மினேன், அட்டை சாவகாசமாகக் குடித்துவிட்டுத் தானாக விழுந்தது. ரத்தம் மட்டும் நின்றபாடில்லை. அதன் எச்சிலில் ரத்தத்தை உறையவிடாத சரக்கு இருக்கிறதாம்.

மத்தியானம் ஒரு சின்னக் கடையில் கப்பக்கிழங்கும் மத்திக் குழம்பும் கட்டஞ்சாயாவும். சாலக்குடிக்குப் போகும் ரோடு இந்த ஊர்வழிதான் இறங்குகிறது. அதனால் சட்டியில் பாதி மலையாளம். அந்தக் குழம்புக்காக இன்னும் 40 வளைவுகூட ஏறலாம், எலுமிச்சம்பழம் இருந்தால்.

சாயங்காலம் தென்மேற்கு மழை பிடித்துக்கொண்டது. விடுதிக்காரர் வந்து, தூரத்தில் எரிந்த சிவப்பு விளக்கைக் காட்டினார். பக்கத்தில் யானை நடமாட்டம் இருந்தால் அது எரியுமாம். மனைவி அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். அட்டை வராமலிருக்க வாசலடியில் என் துண்டைத் திணித்து அடைத்தாள். உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது: "பசிக்குதுங்க."

விளக்கு எரிந்தது அடுத்த சரிவில்தான், கடையோ இங்கே பக்கத்திலேயே, தாராளமாகப் போய்வரலாம் என்று விடுதிக்காரர் தைரியம் சொன்னார். கூட மட்டும் வரவில்லை. குடையும் டார்ச்சும் ராம நாமமுமாகப் போய், பரோட்டாப் பொட்டலத்தோடு ஓடிவந்து கதவைத் தட்டினேன். கதவு இரண்டு விரற்கடை திறந்தது. ஒரு கை வெளியே வந்து பொட்டலத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனது. கதவு மூடியது.

மறுபடி இரண்டு விரற்கடை திறந்தது.

"சால்னா எங்கங்க?"