சலஞ்சர் மாமா

போனை எடுத்துவிட்டார். இனித் தப்ப வழியில்லை. படகு குறிகட்டுவான் இறங்குதுறையை விட்டாயிற்று. நயினாதீவு வர இன்னும் கால் மணி நேரமாவது இருக்கிறது. கொடியேறிய நாகபூசணி அம்மனைப் பார்க்கப் போகிற சனம் கீழ்த்தட்டில் முழங்காலோடு முழங்கால் முட்ட உட்கார்ந்திருக்கிறது. டீசல் இயந்திரம் எல்லாருடைய பல்லையும் ஆட்டுகிறது. இந்த நேரம் பார்த்துத்தான் சலஞ்சர் மாமா பக்கத்து ஐயாவின் காதோடு போனைச் சேர்த்து வைத்து, ‘ஒருக்காக் கேளுங்கோ’ என்கிறார்.

ஐயாவுக்குக் கேட்டது படகின் இயந்திரம். மரியாதைக்குத் தலையை ஆட்டிவைத்தார். அது பிழையாய்ப் போயிற்று. ‘இது ஸ்ராட் பண்ணுற சத்தம்தான் ஐயா. விசயம் இனித்தான் இருக்கு’ என்று மாமா திரும்பவும் முதலிலிருந்து போட்டார்.

அந்தப் பதிவு ஒரு நிமிடம்கூட ஓடாது. முதலில் கராஜ் கதவு கிறீச்சிட்டு உயரும். பிறகு மாமியின் குரல்: ‘இஞ்சாருங்கோ, சின்னவன் நித்திரை.’ ஒரு சின்ன அமைதி. பிறகு தகரக் கூரையில் கல்மழை கொட்டுவது போல ஒரு முழக்கம். அந்த முழக்கத்துக்கு மேலால் மெல்லிய ஒரு சீழ்க்கை போகும். மாமாவுக்கு அந்தச் சீழ்க்கைதான் எல்லாம். அது சுப்பர்சார்ஜர், அதாவது காற்றை அமுக்கி இயந்திரத்துக்குள் திணிக்கிற கருவி போடுகிற சத்தம். அந்த இடம் வந்ததும் மாமா ஆள்காட்டி விரலை உயர்த்துவார். கேட்பவரின் முகத்தில் மாற்றம் தெரியாவிட்டால் உயர்த்திய விரல் உயர்ந்தபடியே நிற்க, மற்றக் கை பதிவைப் பின்னுக்கு இழுக்கும்.

அவர் ஸ்காபரோவில் இருப்பார், அல்லது மார்க்கத்தில், அல்லது ஏஜாக்ஸில். பிறந்த இடம் வேலணை, புங்குடுதீவு, அனலைதீவு, நெடுந்தீவு என்று ஏதோ ஒன்று. இது ஒரு வகையைப் பற்றிய எழுத்து. எந்தத் தனியாளையும் குறிப்பதல்ல. அந்த வகை முழுவதற்கும் இடது புருவத்தில் ஒரே தழும்பு இருப்பதும், எல்லாருமே கறுப்பு ரீசேட்டில் பல்லைக் காட்டும் பூனைத் தலை போட்டிருப்பதும் தற்செயல்.

பூனைக்குக் காரணம் உண்டு. வண்டியின் முழுப் பெயர் டொட்ஜ் சலஞ்சர் எஸ்.ஆர்.ரி ஹெல்கற். கடைசிச் சொல்லைத் தமிழாக்கினால் நரகப் பூனை. எட்டுச் சிலிண்டர், 6.2 லீற்றர், 2015 மொடலாக வந்தபோதே 707 குதிரைவலு. வண்டியோடு இரண்டு நிறத்தில் திறப்புகள் கொடுத்தார்கள். கறுப்புத் திறப்பு பூனையை 500 குதிரையோடு கட்டிவைக்கும். சிவப்புத் திறப்பு இருந்தால்தான் முழுப் பூனையும் வெளியே வரும். மாமா சிவப்பை இடுப்புப் பைக்குள் வைத்துப் புங்குடுதீவு வரைக்கும் கொண்டுவந்திருக்கிறார். கார் அங்கே, திறப்பு இங்கே. அங்கே விட்டுவிட்டு வந்தால் மூத்தவன் எடுத்துக்கொண்டு போய்விடுவானாம்.

அமெரிக்க மசில் கார் என்று அவர் சொல்லும்போது குறுக்கே பேசக் கூடாது. சலஞ்சர் செய்யப்பட்டது ஒன்ராறியோவின் பிரம்டனில், மாமாவின் வீட்டிலிருந்து அதிக தூரமில்லாத தொழிற்சாலையில். 2023 டிசம்பரோடு அதுவும் நின்றுவிட்டது. செவ்ரொலே கமாரோவும் 2015 வரை ஒஷாவாவில்தான் உருவானது. அமெரிக்காவின் முறுக்கிய தசையில் பாதி கனடாவில் முறுக்கியது. இதை ஒருமுறை சொல்லிவைத்த மருமகனோடு மாமா இரண்டு நாள் பேசவில்லை.

சரி, வண்டியை எப்போது ஓட்டுகிறார்? வேலைக்குப் போவது கொறோலாவில். கார்த்திகைக்குப் பனி விழத் தொடங்கினால் பின்சக்கரம் இழுக்கிற இந்தப் பூனை வழுக்கும். அதனால் உறை போட்டு மூடிச் சித்திரை வரை கராஜில் கிடக்கும். பனி விட்ட பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியே எடுப்பார். ரொறன்ரோவுக்குள்ளால் போகிற 401 நெடுஞ்சாலையில் வேகவரம்பு மணிக்கு 100 கிலோமீற்றர். அதற்கு மேல் 50 போனால் ஒன்ராறியோச் சட்டப்படி அது சாகச ஓட்டம். சாரதி அனுமதிப்பத்திரம் அந்த இடத்திலேயே 30 நாளுக்குப் பறிபோகும், வண்டி 14 நாள் பொலிசிடம் நிற்கும். 320 கிலோமீற்றர் வேகத்தைத் தொடக்கூடிய வண்டியில் மாமா 100இல் போய், ரிம் ஹோட்டன்ஸில் கோப்பி வாங்கிக்கொண்டு திரும்பி வருவார். வெயில் நன்றாக எறிக்கத் தொடங்குகிற நேரம் அம்மனுக்குக் கொடியேறிவிடும். மாமா விமானத்தில் ஏறிவிடுவார். கணக்குப் பார்த்தால் கார் ஓடுகிற நேரத்தைவிட அதன் பதிவு ஓடுகிற நேரம்தான் கூட.

‘இஞ்சை கொண்டு வரேலாதோ?’ என்று கேட்டால் முகம் சுருங்கும். 2020 மார்ச்சில் மூடிய இறக்குமதிக் கதவு தனியார் வண்டிகளுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. வரியோ காரைவிடப் பெரிது. அதைக்கூடத் தாங்கிவிடுவார். தாங்க முடியாதது இன்னொன்று: சலஞ்சரை வலப்பக்க ஸ்ரேறிங்கோடு கம்பனி ஒருநாளும் செய்ததில்லை. போர்ட் முஸ்ராங் 2015இலிருந்து வலப்பக்க ஸ்ரேறிங்கோடும் வருகிறது. மார்க்கத்தில் இருக்கிற மச்சான் வைத்திருப்பது முஸ்ராங்.

ஊருக்குள் அவர் ஓடுவது மைத்துனியின் ஸ்கூட்டியில். வாணர் பாலத்தில் கச்சான் காற்று அடித்தால் இரண்டு காலையும் தரையில் தேய்த்துக்கொண்டு வருவார்.

நெடுந்தீவுக்குப் போன கதை தனி. அங்கே வந்திறங்குகிறவர்களை ஏற்றிச் சுற்றிக்காட்ட பிக்கப் வண்டிகள் நிற்கும். பின்தட்டில் நின்று கம்பியைப் பிடித்தபடி கல்லு வேலிகளைப் பார்த்துப் போக வேண்டியதுதான். மாமா மட்டும் முன்னால் சாரதிக்குப் பக்கத்தில் ஏறிப் பதிவைப் போட்டார். தெற்குப் பக்க வெளியில் குதிரைகள் மேய்ந்துகொண்டிருந்தன. போர்த்துக்கேயர் கொண்டுவந்து, ஒல்லாந்தர் பெருக்கி, வெள்ளைக்காரன் காலத்தில் நோலன் துரை பட்டி கட்டி வளர்த்துப் பிறகு கேட்பாரற்றுப்போன குதிரைகளின் வழிவந்தவை. மாமா சாரதியின் தோளைத் தட்டி, ‘தம்பி, இதிலை 707 குதிரையை ஒண்டாப் பூட்டினால் எப்பிடி இழுக்கும்? அதுதான் என்ரை கார்’ என்றார்.

‘மழை பிந்தினா எங்கடை குதிரையளுக்குக் குடிக்கத் தண்ணியில்லை அண்ணை. உங்கடை என்ன குடிக்கும்?’

91 பெற்றோல்தான் குடிக்கும், அதற்குக் குறைந்தால் கொடுக்கக் கூடாது என்று மாமா விளக்கினார். முழு விசையில் மிதித்தால் தாங்கி பதின்மூன்று நிமிடத்தில் காலியாகும் என்பதையும் பெருமையோடு சேர்த்துக்கொண்டார். சாரதி பதில் சொல்லவில்லை. 2022இல் கியூ.ஆர் அட்டையோடு வரிசையில் நின்று ஓட்டோவுக்கு வாரம் 5 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர் என்று அளந்து வாங்கின நாட்டில் அதற்குப் பதில் சொல்வது லேசில்லை.

இந்த இடத்தில் பகிடியை நிறுத்திவிட்டு ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். மருமகனுக்கு ஒரு புளூடூத் ஒலிபெருக்கி கொண்டுவந்திருந்தார். வந்த இரண்டாம் நாள், புங்குடுதீவு வீட்டு விறாந்தையில் அதை வைத்து, முழுச் சத்தத்தில் பூனையை அவிழ்த்துவிட்டார். குசினிக்குள் கூழ் துழாவிக்கொண்டிருந்த ஆச்சி அகப்பையும் கையுமாக முற்றத்துக்கு ஓடிவந்து அண்ணாந்து வானத்தைப் பார்த்தா. ஆச்சிக்கு இப்போது காது மந்தம். ஆனாலும் அந்தச் சத்தத்துக்கு எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று 1990இல் பழகினது மறக்கவில்லை. பொம்பர் வருகிற சத்தமும் இப்படித்தான் தொடங்கும். அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் இராணுவம் தீவுகளில் இறங்க, சனம் கடலைக் கடந்து குடாநாட்டுக்குள் ஓடியது. அந்த ஒழுங்கையில் இன்றைக்கும் கூரையில்லாத வீடுகள் நிற்கின்றன. ‘என்ன மோனை?’ என்று ஆச்சி கேட்க, மாமா ஒலிபெருக்கியை நிறுத்தத் தெரியாமல் பொத்தான்களை மாறி மாறி அழுத்தினார். ஒலிபெருக்கிகளைக் கனடாவிலேயே வைத்துவிட்டு வரலாம். கேட்க வேண்டியவர்கள் காதில் வைத்துக் கேட்பார்கள்.

வேலணையில் ஒரு பெரியவர் இருக்கிறார். இடம்பெயர்ந்து ஆனைக்கோட்டையில் இருந்த காலத்தில் ஒஸ்ரின் ஏ40 சோமசெற் ஒன்றில் ஹயர் ஓடியவர். 1200 சீசீ, நாற்பது சொச்சம் குதிரைவலு. பொருளாதாரத் தடையில் பெற்றோல் இல்லை. யாழ்ப்பாணத்துக் கார்களெல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. கார்பரேற்றருக்குள் நாலு சொட்டுப் பெற்றோலை விட்டு ஸ்ராட் எடுத்து, இயந்திரம் சூடேறினதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். முந்தினால் நின்றுவிடும், பிந்தினால் அரிய பெற்றோல் வீண். பிறகு தெருவெல்லாம் வெள்ளைப் புகை.

மாமா போய் இருந்ததும் இருக்காததுமாகப் போனை எடுத்தார். பெரியவர் கண்ணை மூடிக் கேட்டார். படகிலும் பிக்கப்பிலும் கிடைக்காத மரியாதை. சீழ்க்கை வந்தது, விரல் உயர்ந்தது, பெரியவரும் தலையை ஒரு பக்கம் சாய்த்தார்.

‘அது என்ன விசிலடிக்குது?’

மாமாவுக்குக் கண் கலங்காத குறை. சுப்பர்சார்ஜர் என்றார். அதைச் சுழற்றவே 80 குதிரைவலு போகும் என்றார்.

‘அப்ப என்ரை ஏ போட்டி ரெண்டு,’ என்றார் பெரியவர். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ‘மண்ணெண்ணெயிலை ஓடுமோ?’ என்று கேட்டார்.

ஓடாது.

‘அப்ப என்னத்துக்கு?’

தேத்தண்ணி வந்த பிறகுதான் மற்றக் கதை வந்தது. அந்த ஏ40க்கு நாலு சொட்டுப் பெற்றோல் விடுகிற வேலை ஒரு பொடியனுடையது. பொனற் தகட்டில் இடித்து இடது புருவத்தை வெட்டிக்கொண்டவன். சத்தத்தை மட்டும் வைத்து, எப்போது மண்ணெண்ணெய்க்கு மாற்றலாம் என்று சொல்லிவிடுவானாம். ‘இவன் கையைத் தூக்கினாத்தான் நான் மாத்துறது. ஒரு நாளும் பிழைக்கேல்லை’ என்றார் பெரியவர். மாமா பருத்தித்துறை வடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரவில் அவர் நித்திரை கொள்வது குறைவு. இங்கே நடுச்சாமம் என்றால் ரொறன்ரோவில் மத்தியானம் இரண்டரை. விறாந்தையில் இருந்து போனில் வீட்டுக் கமராவைப் பார்ப்பார். கராஜ் கதவு பூட்டியபடி இருக்கிறதா என்று. பயத்துக்குக் காரணமில்லாமல் இல்லை. 2023இல் அமெரிக்கக் காப்புறுதித் தரவுகளை ஆராய்ந்தபோது, திருட்டுக் கோரிக்கையில் முதலிடம் பிடித்தது சலஞ்சரின் உடன்பிறப்பான சார்ஜர் ஹெல்கற். மற்ற வண்டிகளின் சராசரியைவிட 60 மடங்குக்கு மேல். கதவு பூட்டித்தான் இருக்கும். ஆனாலும் பார்த்துக்கொண்டிருப்பார். நித்திரை வராமல் ஆச்சி எழும்பி வந்தால் அவவுக்கும் காட்டுவார், சத்தமில்லாமல்.

அடுத்த ஆனியில் குறிகட்டுவான் பக்கம் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். பூனைத்தலை ரீசேட்டோடு யாராவது பக்கத்தில் வந்திருந்து போனை எடுத்தால், விரல் உயர்கிற இடத்தில் ‘ஓம், கேட்டது’ என்று சொல்லிவிடுங்கள். படகுச் சத்தத்தில் ஒன்றும் கேட்டிருக்காது, அது பரவாயில்லை. சொல்லாவிட்டால் முதலிலிருந்து போடுவார், மாமி இன்னொரு தரம் சின்னவன் நித்திரை என்பா.