தங்கக் குழி பாக்க வர்ற புதுத் தொரைமாருக்கு

வர்ற ஞாயித்துக்கெழமை வேன் புடிச்சு, கூட்டமா நீலகிரி தேவாலாவுக்குப் பழைய தங்கச் சுரங்கம் பாக்க வாறீங்களாமே? டீக்கடைப் பய சொன்னான். தலைக்கு இவ்வளவுன்னு காசு கட்டி, எல்லாருக்கும் ஒரே நெறத்துல பனியனும் அடிச்சாச்சாம். கேட்டதும் மனசு குளுந்துபோச்சு. இந்த மலையில ஓட்டையைக் காட்டிக் காசு வாங்குற தொழிலு 1879 வாக்குல தொடங்குனது. நடுவுல ரொம்ப நாளா படுத்துக்கெடந்துச்சு. உங்க புண்ணியத்துல இப்ப எந்திரிச்சு ஒக்காந்திருக்கு.

வாறதுக்கு முன்னால கதையைக் கேட்டுட்டு வாங்க. இந்தப் பக்கத்து ஓடையில தங்கம் உண்டுங்கறது குறும்பருக்கும் பணியருக்கும் வெள்ளைக்காரன் வாறதுக்கு முன்னாலயே தெரியும். மரத்தட்டுல மணலை அள்ளி அலசி அலசி, கண்ணுக்குத் தெரிஞ்சும் தெரியாம நாலு துணுக்கு எடுப்பாங்க. அதை வச்சு அவங்க யாரும் மாடி கட்டல. பொறவு வெள்ளைக்காரத் தொரைமாரு வந்து காப்பி போட்டாங்க. காப்பிக்கு இலைநோய் வந்துச்சு, தண்டைத் தொளைக்கிற புழுவும் வந்துச்சு. செடி போச்சு, கடன் நின்னுச்சு. அந்த நேரம் பாத்து சர்க்காரு 1879-ல ஆஸ்திரேலியாவுல இருந்து பிரப் ஸ்மித்னு ஒரு நிபுணரைக் கூட்டியாந்துச்சு. அவரு அங்கன கொஞ்சம் இங்கன கொஞ்சம் கல்லை எடுத்துச் சோதிச்சு, ஆகா ஓகோன்னு அறிக்கை எழுதிட்டாரு. அம்புட்டுதான். செத்த காப்பித் தோட்டமெல்லாம் ஒரே ராத்திரியில தங்க வயலா மாறிப்போச்சு. தொரைமாரு ஏறுன வெலைக்கு வித்துட்டுக் கையைக் கழுவிக்கிட்டாங்க.

லண்டன்ல கம்பெனி மேல கம்பெனியா மொளைச்சுச்சு. நாப்பதுக்குப் பக்கத்துல கம்பெனி, லச்சக்கணக்கான பவுன் மூலதனம். பங்கு வாங்குனவன் ஒருத்தனும் தேவாலா எங்க இருக்குன்னு பாத்தவனில்ல. வந்த பணத்துல பாதி நெலம் வாங்குறதுக்கே சரியாப்போச்சு. மிச்சத்துல மிசினு வாங்கி மலையேத்துனாங்க. வெள்ளைக்கல்லை வெட்டி, இரும்பு ஒலக்கையில இடிச்சுப் பொடியாக்கி, பாதரசம் தடவுன செம்புத் தகடு மேல தண்ணியோட ஓடவிட்டா தங்கம் மட்டும் ஒட்டிக்கும். ஒட்டுறதுக்குத் தங்கம் வேணுமில்ல? கல்லுல இருந்தது இத்தனூண்டு. இடிக்கிற கூலிக்கே காணல. மலையைக் கல்லி எலியைப் புடிச்ச கதைன்னு சொல்லுவாங்க. இங்க எலியும் அகப்படல, வௌவாலுதான்.

பந்தலூர்ல அப்ப ஓட்டலென்ன, தந்தியாபீசென்ன, குதிரைப் பந்தயமென்ன! ரெண்டு மூணு வருசத்துல எல்லாம் சுருட்டிக்கிட்டுப் போயிருச்சு. 1901-ல ஜியாலஜிக்கல் சர்வே ஆளுங்க மறுபடி கல்லை அளந்து பாத்துப் புஸ்தகமே போட்டாங்க. அதைப் படிச்சவன் எவனும் புதுசா கம்பெனி தொறக்க ஓடியாரல. இந்தக் கம்பெனிங்க மொளைச்ச அதே சமயத்துல, கோலார் தங்கவயல்ல 1880-ல ஆரம்பிச்சவன் நூறு வருசத்துக்கு மேல தோண்டி, 2001-லதான் கதவைச் சாத்துனான். அந்தக் குழிக்குள்ள எறங்கி முதுகொடிஞ்சதுல பெருவாரி நம்ம வட ஆற்காட்டுச் சனம். தங்கம் இருந்த எடத்துலயும் எறங்குனவன் கழுத்துல அது ஏறல. அது தனிக் கதை, விடுங்க.

நாங்க இங்க வந்தது தங்கத்துக்கில்ல. 1964-ல இந்தியப் பிரதமரு சாஸ்திரியும் சிலோன் பிரதமரு சிறிமாவோவும் எங்களை இங்க அனுப்பக் கையெழுத்துப் போட்டாங்க; நாங்க தலைமன்னார்ல கப்பலேறி, ராமேசுவரத்துல எறங்கி, அரசாங்கத்து டான்டீ தேயிலைத் தோட்டத்துல கொழுந்து எடுக்க வந்து சேந்தோம். அங்கயும் லயம், இங்கயும் லயம். ஆனா ஒண்ணு, இந்த மலையில நெசமாவே வெளைஞ்சது தேயிலை ஒண்ணுதான். அதைப் பாக்க எவனும் பனியன் அடிச்சுக்கிட்டு வாறதில்ல.

சரி, புத்திமதிக்கு வாறேன். தாயிமாரே, தம்பிமாரே, முட்டி தெரியிற அரைக்காலு சராயோட வாறதா இருந்தா தாராளமா வாங்க, எங்கூரு அட்டைங்க பட்டினி கெடக்குது. மழையில வால்பாறை சின்னக்கல்லாறோட மல்லுக்கு நிக்கிற ஊரு தேவாலா. ஆனி ஆடியில வெயிலைப் பாத்தா நாங்களே கும்புட்டுக்குவோம். அட்டை அந்த லண்டன் கம்பெனிக்காரன் மாதிரி: கடிக்கிறப்ப ஒண்ணும் தெரியாது, அது வயிறு நெறைஞ்சு எறங்குனப்பொறகுதான் ரத்தம் நிக்காம ஓடுறது தெரியும். உப்பைத் துணியில முடிஞ்சு குச்சியில கட்டிக்கங்க. அட்டைக்கு மேல வச்சு ஒத்துனா தானா உதுந்துரும். ஆயிரக்கணக்குல வெலை போட்டு வாங்குன பூட்சு இருக்கேன்னு நம்பாதீங்க. கயிறு கோக்குற ஓட்டை வழியா உள்ள போயி குடும்பம் நடத்தும்.

பாட்டுப் பொட்டி கொண்டாறீங்களாம். நல்லது. கூடலூரு, பந்தலூரு காட்டு ஆனைக்கு ரொம்ப நாளா ஒரு கொறை, பாட்டுக் கச்சேரி ஒண்ணும் நடக்கலயேன்னு. உண்ணிச்செடி மண்டிக்கெடக்குற பாதையில பத்தடிக்கு அந்தப்பக்கம் ஆனை நின்னாலும் தெரியாது. எங்களுக்கு அது காதை ஆட்டுற சத்தம், மூங்கிலை ஒடிக்கிற சத்தம், சாணி மணம், இதுதான் காலண்டரு, கடியாரம் எல்லாம். நீங்க அந்த எடத்துல குத்துப்பாட்டு போட்டா ஆனை இருக்குறது உங்களுக்குத் தெரியாது; நீங்க இருக்குறது மட்டும் அதுக்கு நல்லாத் தெரியும். இந்த ஒப்பந்தத்துல யாருக்கு லாபம்னு கூட்டிக் கழிச்சுக்கங்க.

இனி குழி விசயம். குழியில ரெண்டு தினுசு. ஒண்ணு மலைக்குள்ள படுக்கையா போறது. வாயி தெரியும், குனிஞ்சுதான் போகணும், கணுக்காலளவு தண்ணி, செவத்துல வெள்ளைக்கல்லு கோடு ஓடும், பக்கத்துல ஒத்தையாளு சுத்தியலும் உளியுமா நின்னு கொத்துன தடம் இன்னிக்கும் இருக்கு. அதைத் தொட்டுப் பாத்தா மட்டும் எனக்கு நக்கலு வாறதில்ல. இன்னொண்ணு நேரா கீழ எறங்குற கெணறு. அதுக்கு மேல செடி படந்து பச்சைப் பாயி விரிச்சாப்புல இருக்கும். "அங்கன நின்னு ஒரு போட்டோ"ம்பீங்க. போட்டோ நல்லாத்தான் வரும், ஆளு வரமாட்டாரு.

படுக்கைக் குழிக்குள்ளயாவது போறோமேன்னு கெஞ்சுவீங்க. முட்டுக்குடுத்த மரமெல்லாம் எந்தக் காலத்துலயோ உளுத்துக் கொட்டிப்போச்சு. மழை ஊறுன மண்ணு எப்ப எறங்கும்னு அதுக்கே தெரியாது. உள்ள காத்து இருக்கும், ஆனா அது மூச்சு விடுற காத்தான்னு உங்க மூக்கு சொல்லாது. தலை கிறுகிறுக்குறதுக்குள்ள காலு மடங்கிரும். யூட்யூபு பாத்த தம்பி ஒருத்தன் தீக்குச்சி கொளுத்திப் பாத்துட்டுப் போறேம்பான். குச்சி நல்லாவே எரியட்டும் தம்பி, தலைக்கு மேல இருக்குற கல்லு அதைப் பாத்துட்டா நிக்கப் போவுது? இன்னமும் தங்க ஆசையில கள்ளத்தனமா எறங்கி, மண்ணு சரிஞ்சும் மூச்சு முட்டியும் போன பயலுக இந்தச் சுத்துவட்டாரத்துல உண்டு. அவனுக இந்த மண்ணுல பொறந்து, குழி நெளிவு சுளிவு தெரிஞ்சவனுக. ஹெட்லைட்டு கட்டிக்கிட்டா மட்டும் உங்களுக்கு என்ன வந்துரும்?

வெளியில நின்னு பாருங்க. கல்லுல மஞ்சளா மினுக்குறதைப் பொறுக்கிப் பையில போட்டுக்கிட்டு, வேன்ல மொகம் சிவக்க ஒக்காந்திருப்பீங்களே, அது கந்தகமும் இரும்பும் கலந்த கல்லு. கூடலூர்ல எந்தப் பத்தர்கிட்ட கொண்டுபோனாலும் டீ வாங்கிக் குடுத்து அனுப்பிருவாரு.

கடைசியா, காசு வாங்குன வாட்ஸப்புக் குரூப்பு அட்மின் தம்பியைப் பத்தி ஒரு சேதி. 2018 மார்ச்சுல குரங்கணித் தீயில மலையேறப் போன புள்ளைங்க கருகிச் செத்ததுக்கப்புறம் வனத்துறை சும்மா விடுறதில்ல. அனுமதியில்லாமக் காட்டுக்குள்ள காலு வச்சா வழக்குதான். 2024-ல அரசாங்கமே வழிகாட்டியோட மலையேறப் பாதைங்க தொறந்துவிட்டிருக்கு. கூடலூரு ஊசிமலையும் அதுல ஒண்ணு. அதனால வேன்ல ஏறுறதுக்கு முன்னால, பனியனைப் போட்டுக்கிட்டே, "தம்பி, அனுமதிச் சீட்டைக் காட்டு"ன்னு எல்லாருமா கேளுங்க. காட்டலேன்னா காசைத் திருப்பி வாங்கிக்கிட்டு ஊசிமலைக்குப் போங்க. எங்க போனாலும் நாலு மணிக்கு முன்னால கீழ எறங்கிருங்க. அதுக்கப்புறம் அந்தப் பாதை ஆனைக்கு.